யாருக்குத் தெரியக் கூடாது?

(திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் தமிழ்க் கூட்டம் என்றால் மனோன்மணீயம் சுந்தரனாரைப் பற்றிப் பேசுவோம், நகுலனைப் பற்றிப் பேசுவோம், ஆ. மாதவன் எழுதிய சாலைத் தெருவைப் பற்றிப் பேசுவோம். இன்று பிரவுசரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும் ஒரே ஒரு ஜன்னலைப் பற்றித்தான் பேசப் போகிறேன். தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஆளின் படத்தோடு கறுப்பாகத் திறக்குமே, அந்த ‘இன்காக்னிட்டோ’. குரோமைத் தமிழுக்கு மாற்றியவர்களுக்கு அது ‘மறைநிலை’ என்று காட்டும். எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் இதே வசதி வேறு பெயர்களில் இருக்கிறது. இன்று எல்லாவற்றையும் சேர்த்து மறைநிலை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஜன்னலைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. அதைத் திறக்கிறவன் ஏதோ தப்புக் காரியம் செய்கிறான் என்பது ஒன்று. திறந்துவிட்டால் நாம் செய்வது ஈ, காக்கைக்குக்கூடத் தெரியாது என்பது இன்னொன்று. முதலாவது அநியாயம். இரண்டாவது ஆபத்து.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். சாதாரண ஜன்னலில் நீங்கள் போகிற ஒவ்வொரு தளத்தின் முகவரியும் ‘ஹிஸ்டரி’யில் ஏறுகிறது. தளங்கள் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள ‘குக்கீ’ என்ற சிறு குறிப்பைக் கணினியில் போட்டு வைக்கின்றன. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கிய ஏற்பாடு அது. படிவத்தில் நீங்கள் நிரப்பிய பெயரும் முகவரியும்கூட அடுத்த முறைக்காகப் பத்திரமாகிவிடும். மறைநிலையில் ஹிஸ்டரி எழுதப்படாது. குக்கீ, ஜன்னல் திறந்திருக்கும் வரை மட்டும் இருக்கும், மூடியதும் போய்விடும். படிவத்தில் எழுதியதும் நினைவில் நிற்காது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆப்பிள் நிறுவனம் 2005-இல் சஃபாரியில் இதைக் கொண்டுவந்தது. 2008-இல் குரோம் பிறந்தபோதே இதுவும் கூடப் பிறந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்டும் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டன. பிறந்தநாள் பரிசு வாங்குவது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்பதுதான் அப்போதெல்லாம் சொல்லப்பட்ட உதாரணம். அந்த எளிய உதாரணத்திலேயே இதன் எல்லையும் இருக்கிறது. ஒரே கணினியில் உங்களுக்குப் பிறகு வந்து உட்காருகிறவருக்குத் தெரியாமல் இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு இந்த ஜன்னல் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

பாளையத்தில் நமது மாநில மத்திய நூலகம் இருக்கிறது, 1829-இல் தொடங்கியது. அங்கே ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மேசையிலேயே படித்துவிட்டு எழுந்து வருகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் கார்டில் பதிவு இருக்காது. வீட்டில் யாரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் நீங்கள் உள்ளே போனதை வாசலில் இருப்பவர் பார்த்தார். எந்த அலமாரி முன் நின்றீர்கள் என்று ஊழியருக்குத் தெரியும். மறைநிலை அந்தக் கார்டை மட்டும் வெறுமையாக வைக்கிறது.

ஆகவே இந்த ஜன்னலைத் திறக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. நான் செய்வது யாருக்குத் தெரியக் கூடாது? அதற்கு வரும் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் பதில், வீட்டில் இருப்பவர்களுக்கு. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒரு போன் ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. அம்மாவின் போனில் பிள்ளை விளையாடும், அண்ணன் கிரிக்கெட் பார்ப்பான், அப்பா மின்கட்டணம் கட்டுவார். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் 199 பேரிடம் பேசி, கூகுளைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போனைப் பகிர்ந்துகொண்டே தன் அந்தரங்கத்தை ஒரு பெண் எப்படிக் காத்துக்கொள்கிறாள் என்பதுதான் அதன் கேள்வி. செயலிக்குப் பூட்டு, வேண்டாததைத் தேடித் தேடி அழிப்பது, சிலதைப் போனில் பார்க்காமலே தவிர்ப்பது, இவற்றோடு மறைநிலையும் அதில் இடம்பெற்றது.

மாதவிடாய்ச் சந்தேகம், மனச்சோர்வு, கடன், குடும்ப வன்முறைச் சட்டம், விவாகரத்து வழக்கறிஞர். இவற்றைத் தேடுகிறவர் குற்றவாளியா? கேரளத்தில் பெண்களுக்கான ‘மித்ரா’ உதவி எண் 181. அதைப் பற்றித் தேடிய தடம் அடிக்கிற கணவனின் கண்ணில் படாமல் இருக்க மறைநிலை உதவும். அதே எண்ணுக்குப் பேசினால் கால் பட்டியலில் நிற்கும். அதைத் தனியாக அழிக்க வேண்டும். போனிலேயே யாராவது உளவுச் செயலி ஏற்றியிருந்தால் மறைநிலையால் ஒன்றும் ஆகாது. வேறொருவர் போனிலிருந்து பேசுவதுதான் பாதுகாப்பு.

இப்போது உங்கள் போனைக் கையில் எடுங்கள். குரோமைத் திறந்து, டேப்களின் எண்ணிக்கை காட்டும் அந்தச் சிறு சதுரத்தைத் தொடுங்கள். மேலே தொப்பிக்காரர் படம் தெரிகிறதா? அதையும் தொடுங்கள். அங்கே சென்ற வாரம் திறந்த பக்கங்கள் சிலருக்கு அப்படியே நிற்கும். வட்டப் பொத்தானை அழுத்திப் போனை முகப்புத் திரைக்குக் கொண்டுவந்தால் ஜன்னல் மூடிவிட்டதாக நினைக்கிறோம்; அது மூடவில்லை. மறைநிலை டேப் ஒன்று திறந்திருந்தாலும் குக்கீ உயிரோடு இருக்கும். லாகின் செய்த கணக்கும் திறந்தே இருக்கும். கணினியிலும் இதே கதைதான். குரோமில் நான்கு மறைநிலை ஜன்னல் திறந்திருந்தால் நான்குக்கும் குக்கீ ஒன்றே; கடைசி ஜன்னலையும் மூடினால்தான் துடைக்கப்படும்.

இதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் ‘செட்டிங்ஸ்’ போய் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’க்குள் பார்த்தால், குரோமை விட்டு வெளியேறியதும் மறைநிலை டேப்களைப் பூட்டும் பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால், திரும்ப வரும்போது விரல்ரேகையோ பின் எண்ணோ கேட்கும். ஐபோனில் 2023-இல் வந்த ஐ.ஓ.எஸ். 17-லிருந்து சஃபாரிக்கும் இந்தப் பூட்டு உண்டு. கைமாறும் போன் உள்ள வீட்டில் இது முதல் வேலை.

இரண்டாவது பதில், கணினியின் சொந்தக்காரருக்கும் எனக்குப் பிறகு வருகிறவருக்கும். கேரளத்தில் இது பெரிய விஷயம். 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா திட்டம், வீட்டில் கணினி இல்லாதவரையும் இணையத்துக்குக் கொண்டுவந்தது. இன்றும், அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி.க்கு விண்ணப்பம் போட வேண்டுமா, வருமானச் சான்று வேண்டுமா, பாஸ்போர்ட்டா, ஆதாரில் திருத்தமா, நம் கால் போகிற இடம் ஒரு சேவை மையம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் ஊழியர், இந்தப் பக்கம் நாம். நம் பெயரில் லாகின் செய்வது அவர். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை வாய்விட்டுச் சொல்வது நாம். பின்னால் வரிசையில் நிற்கிறவருக்கும் அது கேட்கும்.

ஒரு சேவை மையத்துக் கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரை மனக்கண்ணில் திறந்து பாருங்கள். ரேஷன் கார்டு பி.டி.எஃப்., ஆதார் பி.டி.எஃப்., பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கையெழுத்தின் படம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போட்டுப் போட்டு அடுக்கடுக்காக நிற்கும். மறைநிலையில் இறக்கினாலும் கோப்பு அங்கேயேதான் இருக்கும். ஜன்னல் மூடும்போது அது அழிவதில்லை. போட்ட புக்மார்க்கும் அழிவதில்லை. பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரிலிருந்து உங்கள் கோப்பை நீக்கச் சொல்லுங்கள். ‘ரீசைக்கிள் பின்’னிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்த கோப்பு வேறு ஃபோல்டரில் இருக்கும், அதையும் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அந்த ஆவணம் உங்களுடையது.

சேவை மையம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வேலைக்கு மறைநிலையைவிட நல்லது குரோமில் உள்ள ‘கெஸ்ட்’ முறை. மறைநிலை ஜன்னல் உங்கள் சொந்த புரொஃபைலுக்குள்தான் திறக்கிறது; உங்கள் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அங்கே எட்டும். கெஸ்ட் ஜன்னலில் அவை எதுவும் தெரியாது, மூடியதும் வந்தவர் தடமும் போய்விடும். இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று பிரவுசர் கேட்கிற கேள்விக்கு அவசரத்தில் ‘சேவ்’ அழுத்துகிற அந்த ஒரு நொடி ஆபத்தும் இல்லாமல் போகும்.

நெட் சென்டர் கதை வேறு. 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபே விதிகளைக் கொண்டுவந்தது. வருகிறவரிடம் அடையாள அட்டை பார்க்க வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். தடுப்புச் சுவர் நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத இடத்தில் வைத்த கணினியின் திரை பொது இடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். எந்தக் கணினியில் யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவை ஓராண்டுக்காவது வைத்திருக்க வேண்டும். அதாவது பிரவுசர் எழுதாமல் விடுவதை, கடைக்காரர் எழுதி வைக்கும்படி சட்டம் சொல்கிறது. அங்கே போய்க் கறுப்பு ஜன்னலைத் திறந்து மறைந்துவிட்டதாக நினைப்பது வீண். நெட் சென்டரில் மறைநிலையால் கிடைக்கும் லாபம், அடுத்து உட்காருகிறவர் உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைய முடியாது என்பது. அதுவும் சின்ன லாபம் இல்லை.

மூன்றாவது பதில், கம்பெனிக்கு. டெக்னோபார்க் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 1990-இல் தொடங்கிய அந்த ஐ.டி. வளாகத்தில் இன்று பல கம்பெனிகள். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் நிர்வாகம் விரும்பினால் மறைநிலையையே தூக்கிவிடலாம். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் அதற்கான நிர்வாகக் கட்டளைகள் உண்டு. குரோம் மெனுவில் ‘நியூ இன்காக்னிட்டோ விண்டோ’ மங்கலாகத் தெரிந்தாலோ காணவே இல்லை என்றாலோ காரணம் அதுதான். மெனுவில் இருந்தாலும் பயனில்லை. லேப்டாப்பில் கம்பெனியின் கண்காணிப்பு மென்பொருள் இருக்கலாம்; அலுவலக நெட்வொர்க் உங்கள் போக்கைப் பதியலாம். வேலை தேடும் தளத்தைப் பார்க்க வேண்டுமானால் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் பாருங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

நான்காவது பதில், இணைய இணைப்புத் தருகிறவருக்கும் அரசுக்கும். இங்கே மறைநிலை முழுக்க முழுக்கச் செல்லாக்காசு. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பி.எஸ்.என்.எல்.லோ ஜியோவோ ஏர்டெல்லோ வழியாகத்தான் போகிறது. முகவரி https என்று தொடங்கும் தளங்களில் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்தத் தளம் என்பது பெரும்பாலும் தெரியும். 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 827 ஆபாசத் தளங்களைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறை சொன்னது. சாதாரண ஜன்னலில் திறந்தவருக்கும் மறைநிலையில் திறந்தவருக்கும் ஒரே தடைதான் விழுந்தது. தொப்பிக்காரர் காப்பாற்றவில்லை.

‘அப்படியானால் வி.பி.என்.’ என்பார்கள். அது தளத்தின் பெயரை இணைப்பு நிறுவனத்திடமிருந்து மறைக்கும், வி.பி.என். நடத்துகிறவரிடம் கொடுத்துவிடும். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் அதை ஏற்காமல் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போயின. காசு வாங்காமல் தரப்படும் வி.பி.என். எதை விற்றுப் பிழைக்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது பதில், கூகுள் மாதிரி நிறுவனங்களுக்கு. மறைநிலையில் செய்வது கூகுளுக்குத் தெரியாது என்றுதான் அமெரிக்காவில் பலரும் நம்பினார்கள். சிகாகோ பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகமும் 2018-இல் 460 பேரிடம் நடத்திய ஆய்வில், கூகுள் கணக்கில் லாகின் செய்திருந்தாலும் மறைநிலையில் தேடியது பதிவாகாது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அது தவறு. மறைநிலைக்குள் லாகின் செய்த மறுநொடி நீங்கள் இன்னார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கணக்கின் அமைப்பைப் பொறுத்து, தேடியது ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில் ஏறும்.

லாகின் செய்யாவிட்டால்? அதுதான் வழக்கானது. 2020 ஜூனில் கலிஃபோர்னியாவில் பயனர்கள் சிலர் கூகுள் மீது 500 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். மறைநிலையில் இருந்தபோதும் தளங்களில் பொருத்தப்பட்ட கூகுளின் கணக்கீட்டு, விளம்பரக் கருவிகள் தங்களைப் பின்தொடர்ந்தன என்பது குற்றச்சாட்டு. நம் மதுரையில் பிறந்த, கூகுளின் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சையின் பெயரும் அடிபட்டது. இந்த வசதியை ‘அந்தரங்கம்’ என்று சொல்லி விளம்பரப்படுத்தினால் மக்களிடம் உள்ள தவறான எண்ணம் கூடும் என்று 2019-லேயே அவருக்கு எச்சரிக்கை சென்றதாக வாதிகள் நீதிமன்ற ஆவணத்தில் சொன்னார்கள். ஆவணங்களைத் திரித்துச் சொல்கிறார்கள் என்றது கூகுள். 2023 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, 2024 ஏப்ரலில் விவரம் வெளிவந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க வேண்டும். மறைநிலையின் முகப்பு அறிவிப்பைத் திருத்த வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மறைநிலையில் பிற தளக் குக்கீகளைத் தானாகவே தடுக்க வேண்டும். வாதிகள் குழுவுக்கு இழப்பீட்டுப் பணம் இல்லை.

அந்த முகப்பு அறிவிப்பைப் படித்திருக்கிறோமா? இந்தச் சாதனத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு உங்கள் செயல்பாடு தெரியாது, ஆனால் நீங்கள் போகும் தளங்களும் கூகுள் உள்ளிட்ட சேவைகளும் தகவல் சேகரிக்கும் முறை மாறாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நான் ஒரு மணி நேரம் பேசுவதை அவர்கள் இரண்டு வரியில் போட்டிருக்கிறார்கள். வழக்குக்குப் பிறகு போட்டார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இடையில் ஒரு வேடிக்கை. வளைகுடா டிக்கெட்டை மறைநிலையில் பார்த்தால் விலை குறையும் என்று நம் ஊரில் உறுதியாக நம்புகிறார்கள். உண்மையில், விமானத்தின் ஒரு வகுப்பில் குறைந்த விலை இருக்கைகள் தீர்ந்தால் விலை ஏறும். ஓணம், பெருநாள், பள்ளி விடுமுறை வந்தால் ஏறும். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் முன்கூட்டியே பதிவு செய்வதுதான் சிக்கனம். தொப்பிக்காரருக்கு விமான கம்பெனியில் செல்வாக்கு இல்லை.

பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்று. பிள்ளை மறைநிலையில் என்ன பார்க்கிறான்? பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ‘ஃபேமிலி லிங்க்’ வழியாக கூகுள் கணக்குத் தொடங்கினால் குரோமில் மறைநிலை தானாகவே இல்லாமல் போகும். வளர்ந்த பிள்ளைக்கு அப்படிச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. 2019 செப்டம்பரில் நம் கேரள உயர் நீதிமன்றம், விடுதியில் மொபைலுக்குக் கட்டுப்பாடு வைத்த கல்லூரிக்கு எதிராக ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அதற்கு முன் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பிள்ளையின் தேடலை வேவு பார்ப்பதைவிட, பிள்ளை நம்மிடமே கேட்கும்படி வீட்டை வைத்துக்கொள்வது நல்லது.

முடிப்பதற்கு முன் கைக்கு உதவும் சில செட்டிங்ஸ். மறைநிலையைத் திறக்க, கணினியில் குரோமுக்கும் எட்ஜுக்கும் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்பாக்ஸுக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. எப்போதும் தடமில்லாமல் வேண்டும் என்றால், ஃபயர்பாக்ஸில் ஹிஸ்டரியை ஒருபோதும் நினைவில் வைக்காதே என்ற தேர்வு உண்டு. மூடும்போதே குக்கீயை அழிக்கும் தேர்வும் உண்டு. எக்ஸ்டென்ஷன்கள் குரோமின் மறைநிலையில் தாமாக இயங்காது. நீங்கள் அனுமதி கொடுத்தவை மட்டும் இயங்கும், எதற்குக் கொடுத்தீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். கூகுள் கணக்கில் ‘மை ஆக்டிவிட்டி’ போய், பழைய பதிவுகளை 3 மாதத்தில் தானாக அழிக்கும்படி மாற்றுங்கள். இந்தக் கடைசி மாற்றம், தினமும் மறைநிலை திறப்பதைவிட அதிகப் பலன் தரும்.

2023-இல் நமக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அவை நடைமுறைக்கு வரும்போது வரட்டும். நம் ஊர் வாசகசாலைகளின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் சேவை மையம் நடத்துகிறவர்களும் இந்த அரங்கிலேயே சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள். பொதுக் கணினி கெஸ்ட் முறையிலேயே திறக்கும்படி வையுங்கள். நாள்தோறும் கடையை அடைக்கும் முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ஸ்கேன் ஃபோல்டரையும் காலி செய்யுங்கள். ‘உங்கள் கோப்பை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு தாளின் செலவுதான் ஆகும். நாளைக் காலையே செய்யுங்கள்.